ஐந்து மஞ்சள் திட்டுகள்

பரிசோதனை முடிவு வந்தபோது காலை பத்து மணி. கோதுமை இலையில் இருந்தது நான் பயந்த அதே வைரஸ்தான். மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் அதைச் சுமந்துகொண்டு வேருக்குள் நுழையும். மருந்து கிடையாது. வெளியே தெரியச் சில வருடம் ஆகும்; ஒரு வயலுக்குள் வந்துவிட்டால் நம் ஆயுசுக்கும் போகாது. பதினெட்டு வருடமாக இதை எல்லா விவசாயிகளிடமும் சொல்லி வருகிறேன். இன்று சொல்ல வேண்டியது என் தம்பியிடம்.

அவனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அதற்குள் நாலு முறை போன் செய்துவிட்டான்.

"அக்கா, என்னாச்சு?"

"அதேதான்டா."

"எனக்கு அப்பவே தெரியும். அறுவடை மெஷின்காரன் வேலை. வேற எவன் வயல் சேத்தையோ சக்கரத்தோட கொண்டுவந்து இறக்கிட்டான். சாயங்காலம் விவசாயிங்க சங்கத்துல பேசப் போறேன். இனிமே ஒருத்தரும் அவனைக் கூப்பிடக் கூடாது. நீ வந்து பாத்து எழுதிக் குடு."

"என்ன எழுதணும்னு நீ சொல்லாதே. வரேன், வை."

மெஷின்காரர் வம்புதும்புக்குப் போகாத மனிதர். சங்கம் ஒதுக்கிவிட்டால் அவர் பிழைப்பு அதோடு போச்சு. வண்டியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். முன்னால் போன லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தம்பி அவரையும் வயலுக்கு வரவழைத்திருந்தான். தம்பி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா," என்றார் மெஷின்காரர். செடிக்கு வைத்தியம் பார்ப்பதால் அவர் எனக்குக் கொடுத்த பட்டம் அது. "சக்கரத்தைக் கழுவாம நான் எந்த வயல்லயும் இறங்கினதே இல்ல."

நான் அவருடைய மெஷின் மேல் ஏறி வயலைப் பார்த்தேன். சக்கரம் போகும் தடம் நேர்கோடு. மஞ்சள் திட்டுகள் அந்தத் தடத்தில் இல்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடம், மறுபடி வலம், மறுபடி இடம். மொத்தம் ஐந்து, ஏறக்குறைய சம தூரத்தில். பரிசோதனைக்கு மண் எடுக்க நாங்கள் வயலுக்குள் இப்படித்தான் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் இரும்புக் குழாயை மண்ணில் இறக்குவோம்.

நாலு வருடத்துக்கு முன், விதைப்பு நேரத்தில், மண்ணில் சத்து எப்படி என்று பார்த்துச் சொல்லச் சொல்லி தம்பி நச்சரித்தான். நோய் கண்ட ஒரு வயலில் வேலையை முடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். குழாயைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். தூறல், பசி, தம்பி வயல்தானே என்ற அலட்சியம். துணியால் ஒரு துடை துடைத்தேன். அவ்வளவுதான்.

மெஷின் என்று நான் எழுதினால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஒரு நிமிடம் அதையும் யோசித்தேன். இறங்கினேன்.

"மெஷின் இல்லடா. நான்தான்."

"என்ன உளர்ற?"

சொன்னேன், ஒன்றுவிடாமல். தம்பி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஊருக்கெல்லாம் கழுவு கழுவுன்னு சொல்லுவியேக்கா."

அழுகை வந்துவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை. மெஷின்காரர்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டிருந்தது.

"விடுங்க டாக்டரம்மா. தெரிஞ்சா செஞ்சீங்க? இந்தத் தண்ணியைக் குடிங்க. நாலு வருஷம் முன்னாடி..."

நிறுத்தினார்.

"தூறிக்கிட்டு இருந்துச்சே, அன்னிக்கா?"

"ஆமா."

"அன்னிக்கு இங்க முடிச்சுட்டுதானே என் நிலத்துக்கு வந்தீங்க? மண்ணு பாக்கச் சொல்லி நான் கெஞ்சிக் கூப்பிட்டேன்னு?"

பாட்டில் என் கையிலேயே இருந்தது.

"இந்த வருஷம் என் கோதுமையும் அங்கங்க மஞ்சளடிக்குது. தண்ணி பத்தலையோன்னு நெனச்சேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அங்க வர்றப்பவாவது கழுவினீங்கல்ல?"

"இல்ல," என்றேன்.