கீழ் ஜன்னல்

சோடாக்காரர் இறந்தபின் அவர் மனைவி கடையை மறுபடி திறந்த முதல் நாளே, குழாயிலிருந்து தம்ளரில் இறங்கிய சோடா அவருடைய குரலில், "ஜன்னலத் தொறந்தியா?" என்று கேட்டது. நுரை அடங்கியதும் பேச்சும் அடங்கியது. அந்தத் தம்ளரை வாங்கிய பக்கத்துக் கடைத் தையல்காரர் காதைத் தேய்த்துக்கொண்டு குடித்தார். சோடா சுரீரென்று நன்றாக இருந்ததால் மறுநாளும் வந்தார். ஒரு மாதத்தில் தெருவுக்கே அது பழகிவிட்டது. வெளியூரில் வாங்கிய சோடா வாயே திறக்காதது சிலருக்கு மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டது.

அந்தக் கேள்வி தெருவுக்குப் புதிதில்லை. கடைக்குப் பின்னால், சில படிகள் கீழே, கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டி நிறுத்திய அறை இருந்தது. சோடாவில் ஏற்றும் அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் ஓசைப்படாமல் தரையோடு தேங்கி நிற்கும், உள்ளே போகிறவனை மூச்சடைத்துக் கொன்றுவிடும். அது வடிந்து போகத்தான் தரையை ஒட்டி, பின்பக்கச் சரிவைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். அதன் கயிறு மேலே, தம்ளர் கழுவும் மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் தொங்கியது. காலையில் அவள் கயிற்றை இழுக்க வேண்டும். அவர் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். மனிதர் சாப்பிட்டாயா என்று கேட்க மறந்ததுண்டு, இதைக் கேட்க மறந்ததே இல்லை. அவளுக்குச் சலித்துப்போய், அவர் கேட்டு முடிக்குமுன்பே "தொறந்தாச்சு" வாயில் வந்து நிற்கும்.

ஜன்னல் திறந்தால் சரிவுப் புழுதி படி வழியே மேலேறி ஈரத் தம்ளர்களில் வந்து படியும். அவர் இறந்த அன்றைக்கு, துடைத்து அடுக்கிவிட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். அவர் டீ குடித்தார், கேட்டார். அவள் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. கடைசித் தம்ளரைத் துடைக்கும்போதுதான் கயிற்றைப் பார்த்தாள். கூப்பிட்டாள், பதில் இல்லை. அப்போதுதான் இழுத்தாள், அதனால் அவள் அலறலுக்கு ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது ஜன்னல் திறந்தே இருந்தது.

பழி கொழுந்தன் தலையில் விழுந்தது. முந்தின நாள் சிலிண்டர் மாற்றியவன் அவன். மாற்றும்போதெல்லாம் புது வாஷர் போட வேண்டும் என்பது அண்ணன் கண்டிப்பு. புதியது கையில் இல்லாததால் பழையதையே போட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்தான், குமிழி வரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டான். ஜன்னல் திறந்திருந்தும் ஆளைக் கொல்லும் அளவுக்குக் கசிய விட்டவன் என்று தெரு பேசியது. அவன் அந்த வாஷரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரின் அந்தக் கோடியில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நினைப்பில் பாதியிலேயே எழுந்துவிடுவாள். பிறகு சோறு இறங்கவும் செய்தது.

வருஷங்கள் ஓடின. சோடா கேட்கும், அவள் "தொறந்தாச்சு" என்பாள். போன புருஷனுக்கு இன்னும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாளே என்று பெண்கள் உருகினார்கள். சோடா குடித்தவர்கள் வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்ததில் திருடர்களுக்கும் நல்ல காலம் வந்தது.

ஒரு மத்தியானம் தலை நரைத்துக் கொழுந்தன் வந்து நின்றான். "ஒரு சோடா குடுங்க அண்ணி" என்றான். தம்ளர் நுரைத்தது, கேட்டது. அண்ணன் குரல் கேட்டு அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவள் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள்.

"இல்லங்க," என்றாள் தம்ளரைப் பார்த்து. "அன்னைக்கு நான் தொறக்கல."

பெஞ்சில் இருந்த தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து அந்த வாஷரை எடுத்து மேஜைமேல் வைத்தான். ரப்பர் கல்லாக இறுகியிருந்தது.

"தப்பு என்னுதும்தான் அண்ணி. ஆனா ஜன்னல் தொறந்திருந்தும் எப்படிப் போனாருன்னு, நான் தூங்கவே இல்ல அண்ணி."

சோடாவைக் குடிக்காமலே போனான். மறுபடி வரவும் இல்லை.

மறுநாளும் சோடா கேட்டது. அவள் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, படி இறங்கி ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து, "தொறந்திருக்குங்க" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு தம்ளருக்கும் அப்படித்தான். அவள் ஏறி வருவதற்குள் சோடாவின் சுருசுருப்பு பாதி போய்விடும். தெரு அதையே குடித்துப் பழகிக்கொண்டது.