இரண்டு ஸ்பூன் கதை

கூட்டத்தை நடத்திய ஒதேத், கேள்விச் சீட்டுகள் இருந்த தகர டப்பாவுக்குள் கையை விட்டு ஐந்தாவது சீட்டை எடுத்தபோதே அதில் என்ன எழுதியிருக்கும் என்று விர்ஜீலியோவுக்குத் தெரிந்துவிட்டது. பரேய்ரோ தொழிலாளர் மன்றத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கட்சியின் கேள்வி-பதில் கூட்டம். மழையில் நனைந்த கோட்டுகளின் வாடை அறையெங்கும் நிறைந்திருந்தது. கீழ்த்தளத்தில் யாரோ டோமினோ காய்களை மேசையில் அறைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான்கு கேள்விகள் முடிந்திருந்தன. மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன்தானே, சாக்கடை அள்ள யார் முன்வருவார்கள், மற்ற சோஷலிச நாடுகளில் ரொட்டிக்கு வரிசை நிற்கிறதே, முதலாளி இல்லாவிட்டால் யார் முடிவெடுப்பது. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில் அறை குலுங்கியது. "எங்க பண்ணையில முதலாளி வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவாரு, முயல் சுடறதுக்கு. அதுவரைக்கும் எல்லா முடிவையும் முயலுங்கதான் எடுத்துச்சு போலிருக்கு!"

சிரிக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. அதற்காகத்தான் லிஸ்பனுக்குத் தெற்கே அலெந்தேஜுவின் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டும் அவரை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். சிரிப்பின் அடியில் அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. பதினாலு வயதில் விடியற்காலையில் ஊர்ச் சதுக்கத்தில் வேலை கேட்டு ஐம்பது ஆண்களோடு ஆணாக நின்றிருக்கிறார். கங்காணி வந்து புஜத்தை அமுக்கிப் பார்த்து, நீ வா, நீ வா, நீ போ என்பான். மழைக்காலம் முழுக்க 'நீ போ'தான். எழுபத்தைந்தில் தொழிலாளர்களே நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு அந்தச் சதுக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பெண்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு காப்பகம் இருந்தது. இப்போது எண்பத்தொன்பது. நீதிமன்ற உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிலத்தில் பாதி பழைய முதலாளிகளின் கைகளுக்கே திரும்பிவிட்டது. காவலர்கள் துணைக்கு நிற்க மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இருந்தாலும் மேடையேறினால் அவருக்குக் குரல் இளமையாகிவிடும்.

ஒதேத் சீட்டைப் பிரித்துப் படித்தாள். "எல்லாருக்கும் ஒரே கூலின்னா யாரு ஒழுங்கா உழைப்பாங்க?" படித்துவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "தோழர், அந்த ரெண்டு ஸ்பூன் கதையச் சொல்லுங்க. போன தடவ கேட்டவங்க மறுபடியும் கேக்கணும்னு வந்திருக்காங்க."

விர்ஜீலியோ தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். "எங்க பண்ணையில பாட்டில் மூடிக்குத் தக்கை மரப் பட்டை உரிக்கிற ஒருத்தர் இருந்தாரு. கோடாலிய அவரு பிடிச்சாருன்னா பட்டை தானா சட்டையக் கழட்டிக் குடுத்துடும். அவ்வளவு கெட்டிக்காரர். எழுபத்தேழுல ஒரு நாள் கூட்டத்துல எழுந்து நின்னு, நான் ரெண்டு மரம் உரிக்கிற நேரத்துல அவன் ஒண்ணுதான் உரிக்கிறான், ரெண்டு பேரும் ஒண்ணான்னு கேட்டாரு. நான் சொன்னேன்…"

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துவது அவர் வழக்கம். நிறுத்தினார். கண்களை மெல்லக் கடைசி வரிசை வரை ஓட்டினார். அங்கே கதவோரம், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு எர்மினியோ உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்திருக்கும் விதம் அதேதான், முதுகு நாற்காலியில் படாமல். விர்ஜீலியோவின் ஒரே தங்கை சுல்மிராவின் புருஷன். அந்தக் கதையின் மனிதர்.

வாய் மட்டும் தன்பாட்டில் பேசி முடித்தது. "நான் சொன்னேன், மாப்ள, உனக்கு என்ன ரெண்டு வயிறா இருக்கு? அப்படின்னா நாளைக்குச் சாப்பாட்டுக்கு ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கிட்டு வா!"

அறை முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் எர்மினியோ தொப்பியின் விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றினார், அவ்வளவுதான்.

மேடையில் சொல்லாத மீதியும் உண்டு. மறுநாள் மரத்தடியில் சூப் ஊற்றும்போது எர்மினியோவின் தட்டருகே யாரோ இரண்டு ஸ்பூன் வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மறுநாளும் வைத்தார்கள். உரிப்புப் பருவம் முடியும்வரை ஒரு நாள் தவறாமல் யாராவது வைத்தார்கள். எர்மினியோ ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டையும் கழுவிக் கூடையில் போட்டுவிட்டுப் போவார். அக்டோபரில் சுல்மிராவையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பரேய்ரோவில் ரசாயனத் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தங்கையிடமிருந்து கடிதம் வரும். அதன் அடியில் எர்மினியோ ஒரு வரி எழுதியதில்லை. கூலி கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டான் என்றுதான் ஊரில் பேசினார்கள். விர்ஜீலியோவும் அப்படித்தான் நினைத்தார். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மிச்சக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கு நினைவில்லை. கூட்டம் முடிந்து, கைகுலுக்கல்கள் முடிந்து படியிறங்கியபோது கீழே தெருக்கதவருகே எர்மினியோ காத்துக்கொண்டிருந்தார்.

"கதை நல்லாத்தான் சொல்ற, மச்சான்."

"நீ வந்திருக்கேன்னு தெரியாது, மாப்ள. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா வேற ஆளு கதையச் சொல்லியிருப்ப." எர்மினியோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "சுல்மிரா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா. போஸ்டர்ல உன் பேரப் பாத்துட்டு ஒரு வாரமா என் உயிர எடுக்குறா. சூப் வெச்சிருக்கா."

ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்த விர்ஜீலியோ சொல்லவில்லை. இரண்டு பேரும் தொழிற்சாலை மதிலை ஒட்டி நடந்தார்கள். மழை விட்டிருந்தது. எதிரே வந்த இரண்டு பேர் எர்மினியோவை நிறுத்தி, ஷிப்டு மாற்றுவதைப் பற்றி நிர்வாகத்திடம் பேசியாச்சா என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை பேசுகிறேன் என்றார்.

"சங்கத்துல இருக்கியா?" என்றார் விர்ஜீலியோ.

"ஒம்போது வருஷமா. ஏன், நான் எங்க இருப்பேன்னு நெனச்ச?" எர்மினியோ கோட்டின் உள்பையைத் தட்டினார். "கட்சிக் கார்டும் இங்கதான் இருக்கு. இந்த ஊர் கிளையிலதான் சந்தா கட்டுறேன்."

எத்தனை ஊர்களில், எத்தனை மேடைகளில் இந்த மனிதரை எதிர்த்தரப்பு ஆளாக நிறுத்தி வைத்துச் சிரிக்க வைத்திருக்கிறார் என்று விர்ஜீலியோ நினைத்துப் பார்த்தார். இருபதா, முப்பதா? கதவோரக் கடைசி நாற்காலி ஒவ்வொரு ஊரிலும் கண்முன்னே வந்து நின்றது.

மூன்றாவது மாடியில் சுல்மிரா கதவைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று அவர் கையை விரித்தபோது, "ஈரக் கால மொதல்ல தொடைண்ணே" என்றாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.

கொத்துமல்லியும் பூண்டும் இடித்துப் போட்ட ஊர் சூப். அதன்மேல் முட்டை மிதந்தது. பேச்சு ஊரைச் சுற்றிப் போனது. யார் செத்தது, யார் லிஸ்பனுக்குப் போனது, எந்த வயலை யார் எடுத்துக்கொண்டது. ரெண்டு ஸ்பூன் கதையில் 'ஒண்ணுதான் உரிக்கிறான்' என்று வரும் பெந்தோ எப்படியிருக்கிறான் என்று எர்மினியோ கேட்டார். மூட்டுவலி, பேத்தியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான் என்றார் விர்ஜீலியோ.

"நல்ல மனுஷன். அவன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்பூன் விஷயத்துல அவன் மட்டும் ஒரு நாளும் சிரிக்கல."

"அவனோட ஒரே கூலியா உனக்கும்னுதானே அன்னிக்குக் கோபப்பட்ட?"

சுல்மிரா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். எர்மினியோ மைத்துனரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமிருந்தது.

"கூலியா? நான் கூலின்னு ஒரு வார்த்த சொன்னேனா?"

விர்ஜீலியோ யோசித்தார். அந்தக் கூட்டம் நடந்த தானியக் கிடங்கு, புழுக்கம், மேலே சுற்றிய ஈக்கள், எர்மினியோ எழுந்து நின்றது எல்லாம் நினைவிருந்தது. 'ரெண்டு பேரும் ஒண்ணா?' என்ற கேள்வி நினைவிருந்தது. அதற்கு மேல் விர்ஜீலியோ எதையும் காதில் வாங்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் கட்சி கொடுத்த சின்னப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. முந்தின நாள்தான் படித்துவிட்டுக் காத்திருந்தார், யாராவது கேட்கமாட்டார்களா என்று.

"இல்ல," என்றார். "சொல்லல. நீ என்ன சொல்ல வந்த மாப்ள?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

எர்மினியோ மேசை நடுவிலிருந்த ரொட்டியை, வெட்டாத முழு ரொட்டியை, தன் பக்கம் இழுத்து நிமிர்த்தி வைத்தார். தடித்த கருகல் ஓடு போட்ட ஊர் ரொட்டி. கத்தியை எடுத்து மேலிருந்து கீழாக ஓட்டில் ஒரு கோடு கீறினார்.

"பெந்தோ பன்னி மேய்ச்சவன். அவன் கையில கோடாலியத் தூக்கிக் குடுத்தது நாமதான். எல்லாரும் சமம்னா எல்லாரும் உரிக்கலாம்னு நீங்க பட்டியல் போட்டீங்க. பாவம், அவனும் ராத்திரி பகலா முயற்சி பண்ணான். ஆனா அவன் வெட்டு எல்லாமே உள்தோல் வரைக்கும் எறங்கிடும். நான் பின்னாலயே போயி பாத்தேன். மரம் ஈரம் கசிஞ்சு நிக்குது, உள்தோல் கிழிஞ்சா மரம் பொழைக்காது. இவன உரிச்ச பட்டைய அடுக்குற வேலைக்கு மாத்துங்க, இல்ல ஒரு பருவம் என்கூட விடுங்க, நான் ஒண்ணு உரிச்சாப் போதும், அவனுக்குக் காட்டிக் குடுக்குறேன்னு சொல்றதுக்குத்தான் எழுந்தேன். யாரு சொல்றது இத, கங்காணியத்தான் வெரட்டிட்டோமே, நமக்கு நாமே எப்படிச் சொல்லிக்கிறதுன்னு கேக்க வந்தேன்." கத்திமுனையை ஓட்டுக்கு அடியில் நுழைத்து மெல்ல நெம்பினார். "அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"அப்புறமா வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா," என்றார் விர்ஜீலியோ. சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லியிருக்கலாம்தான்," என்றார் எர்மினியோ. "எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. அது என் தப்புதான். மரத்துக்கு என்ன தெரியும் நம்ம ரோஷம்?"

தக்கை மரத்தை ஒருமுறை உரித்தால் ஒன்பது வருஷம் தொடக்கூடாது. எண்பத்தாறு கோடையில், பெந்தோ உரித்த ஓடைச் சரிவுக்கு மறுபடியும் ஆட்களோடு போனவர் விர்ஜீலியோதான். கோடாலி போட்ட இடத்தில் பட்டை வரவில்லை. பழைய வெட்டுகள் கறுத்து, வாய் பிளந்து, அதற்குள் எறும்பு ஊர்ந்தது. வறட்சி என்றும் நோய் என்றும் கணக்கில் எழுதினார்கள். அவரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் நீதிமன்றத்தில் அதையே எடுத்து நீட்டி, பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் கையில் நிலம் பாழாகிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார்.

"ஓடைச் சரிவு இருக்குல்ல," என்று விர்ஜீலியோ ஆரம்பித்தார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பெந்தோவும் அவன் ஆளுங்களும் அன்னிக்கு உரிச்ச சரிவு. அதுல பாதிக்கு மேல போயிடுச்சு மாப்ள. அதுக்கப்புறம் அந்தச் சரிவும் நம்ம கைய விட்டுப் போயிடுச்சு."

எர்மினியோ நிமிரவில்லை. அவர் கட்டைவிரல் ரொட்டியின் ஓட்டுக்கும் உள்ளே இருந்த வெள்ளைக்கும் நடுவே நுழைந்து, ஒரு துணுக்குக்கூட ஒட்டாமல், சுற்றி வந்துகொண்டிருந்தது. ஓடு தக்கைப் பட்டைபோல முழுசாகக் கழன்று, வளைந்த வடிவம் கலையாமல் மேசைமேல் சாய்ந்தது. உள்ளே இருந்த மென்மையில் ஒரு கீறல் இல்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ரொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அதைப் பிய்க்கக் கை நீட்டாமல்.