நாயனா சிரிப்பாரா?

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதுங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன், பின்னால என்னைத் திட்டக்கூடாது.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எங்க நாயனாவுக்கு மோட்டார் பம்ப் கடை இருக்குது. எங்கூட்டுல தெலுங்கு பேசறதால அப்பாவை நாயனான்னுதான் கூப்புடுவோம். கடைக்கு மேல மாடியில, மோட்டார் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவால, ஞாயித்துக்கிழமையானா நாங்க மூணு பேரு உக்காந்து பிசிக்ஸ் கணக்கு போடுவோம். மூணு பேரும் ஒரே பதினொண்ணாம் கிளாஸ்தான். கயல்விழி எங்கள்ல கெட்டிக்காரி. அவங்கம்மா மில்லுக்குப் போயி அவளைப் படிக்க வெக்கறாங்க. கௌதமன் ஆனைமலைக்காரன், இங்க அவங்க மாமன் ஊட்டுல தங்கிப் படிக்கிறான். அவங்க தோப்புல தண்ணிக்குப் போர்க்கிணறு போட்ட கதையை எடுத்தான்னா அன்னிக்குப் படிப்பு அவ்வளவுதான். நான் தேஜஸ்ரீ. மார்க்குல கயலுக்கு அடுத்த ஆளு.

ஒரு நாள் கௌதமன் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற கணக்கு போட்டான். நிமிசத்தை செகண்டாக்காம உட்டு, இன்னும் என்னென்னமோ சொதப்பி, மூவாயிரம் ஹெச்பி மோட்டார் வேணும்னு ஆன்சர் கொண்டாந்தான். ஸ்டார்ட்டர் பெட்டி எடுக்க மாடிக்கு வந்த நாயனா அதைக் கேட்டுட்டு, சுவத்தைப் புடிச்சுட்டு நின்னு சிரிச்சாரு. கௌதமன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அன்னியிலிருந்து எங்களுக்குள்ள ஒரு வழக்கம் வந்துருச்சு. எந்தப் பம்ப் கணக்கு போட்டாலும் கடைசியில வாட்டை ஹெச்பியாக்கிப் பாக்கோணும். இந்த மோட்டாரைக் கீழ கடையில போய்க் கேட்டா நாயனா சிரிப்பாரா, எடுத்துக் குடுப்பாரா? சிரிப்பாருன்னா கணக்கு தப்பு, அடிச்சுப்போட்டு மறுபடியும் போடோணும்.

இதுதான் எங்க வம்புக்கே காரணம்.

ரிவிஷன் டெஸ்ட்ல ஒரு அஞ்சு மார்க் கேள்வி. ‘400 ஆழமுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிமிடத்திற்கு 180 லிட்டர் நீரை மேலேற்றும் மோட்டாரின் திறன் என்ன?’ நானூறு மீட்டரா, நானூறு அடியா? போடலை. கேள்வித்தாள் டைப் பண்ணினது எங்க பிசிக்ஸ் மிஸ் வரலட்சுமி. இத்தனைக்கும் நாங்க ஆன்சர்ல யூனிட் எழுதாம உட்டா அரை மார்க் குறைக்கறவங்க அவங்கதான். என்கிட்டயே எத்தனை அரை மார்க் புடுங்கியிருக்காங்க தெரியுங்களா?

கிளாஸ்ல மத்த அத்தனை பேரும் மீட்டர்னு வெச்சு 11,760 வாட்னு எழுதிட்டாங்க. நாங்க மூணு பேரு மட்டும் அடின்னு வெச்சோம். போர்னா அடிதானுங்க? எந்த ஊருல போர் வண்டிக்காரன் மீட்டர்ல பேசறான்? நானூறு அடின்னா 122 மீட்டர். ஆன்சர் 3,587 வாட், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு ஹெச்பி. நாயனா சிரிக்கமாட்டாரு, எடுத்துக் குடுப்பாரு. நிம்மதியா பேப்பரைக் குடுத்துப்போட்டு வந்துட்டேன்.

பேப்பர் திருத்தி வந்தப்ப கயலையும் என்னையும் மிஸ் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்புட்டாங்க. கயல் பேப்பர் மேல சிவப்புல பெரிய முட்டை. மொத்தத்துக்கும் ஜீரோ.

“தேஜா, நீயும் கௌதமனும் ஆரம்பத்துலயே அடின்னு எழுதியிருக்கீங்க. மடத்தனம்தான், ஆனா உங்க சொந்த மடத்தனம். இவ அப்படி இல்லை. 11,760ன்னு சரியா போட்டிருக்கா. அப்புறம் அதைக் குறுக்கால அடிச்சுட்டு உன் ஆன்சரை எழுதியிருக்கா. முன் பெஞ்சுல உக்காந்திருந்தது நீ. வேற என்ன அர்த்தம்?”

“பாக்கலைங்க மிஸ்,” அப்படின்னா கயல். அவ்வளவுதான் சொன்னா. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது.

இது வெறும் டெஸ்ட்டு இல்லைங்க. கோடை லீவுல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் கேம்ப் நடத்தறாங்க. ஸ்கூலுக்கு ஒரே சீட்டு, இந்த டெஸ்ட்ல முதல் மார்க்கு வாங்கறவங்களுக்கு. எங்க லேப்ல பாதி சாமான் பீரோவுக்குள்ள பூட்டிக் கிடக்குது. அங்க எல்லாத்தையும் கையிலயே குடுப்பாங்களாம். கயல் போன வருசத்திலிருந்து அதே பேச்சுதான். அந்த ஒரு கணக்கு தப்பாவே இருந்தாலும் முதல் மார்க்கு அவதான். காப்பின்னு ஜீரோ போட்டா எல்லாம் போச்சு.

மிஸ் என்னைப் பாத்து, “அடுத்த மார்க் உன்னோடது. கேம்ப்புக்கு நீ போ,” அப்படின்னாங்க.

“எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க! யூனிட்டே போடாம கேள்வி கேட்டுப்போட்டு, புள்ளையைக் காப்பி அடிச்சான்னு சொல்றீங்களே, இது நாயமுங்களா?”

“யூனிட் இல்லைன்னா மீட்டர்தான். கிளாஸே புரிஞ்சு எழுதியிருக்கு. குரலைத் தாழ்த்து.”

“அப்ப அவளைத் தனியா உக்கார வெச்சு இன்னொரு கணக்கு குடுங்க. உங்க கண்ணு முன்னாலயே போடட்டும்.”

மிஸ் கொஞ்சம் யோசிச்சாங்க. கெட்டவங்க இல்லை, பிடிச்சா பிடிதான். “சரி. மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிச்சதும் வரட்டும். சரியா போட்டான்னா நம்பறேன்.”

வராண்டாவுல அவளைச் சுவத்தோரமா நிறுத்திச் சொன்னேன். “இங்க பாரு கண்ணு, மறுபடியும் யூனிட் இல்லாமத்தான் குடுப்பாங்க. அடியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். மீட்டர்னு எழுதிப்போட்டு எந்திரிச்சு வந்துரு. நாயனாவை இன்னிக்கு ஒரு நாள் மறந்துரு.”

“சரிடி,” அப்படின்னா. கௌதமன்கூட ரெண்டு தடவை சொன்னான். அவனுக்கும் சரின்னு தலையாட்டினா.

மத்தியானம் ஸ்டாஃப் ரூம் ஜன்னல்ல நானும் கௌதமனும் தொத்திட்டு நின்னோம். கேள்வியை மிஸ் சத்தமாவே படிச்சாங்க. ஆழம் ஆயிரம், நிமிசத்துக்குத் தொண்ணூறு லிட்டர். நான் சொன்ன மாதிரியே யூனிட் இல்லை. கயல் குனிஞ்சு கடகடன்னு எழுதினா. 14,700 வாட். பக்கத்துல நின்ன மிஸ் மூஞ்சி இளகிப்போச்சு, பேப்பரை வாங்கக் கையை நீட்டினாங்க. அப்பாடா, முடிஞ்சுதுன்னு கௌதமன் பெருமூச்சு உட்டான்.

கயல் பேப்பரைக் குடுக்கலை. வாட்டை ஹெச்பியாக்க ஓரத்துல 746 ஆல வகுக்க ஆரம்பிச்சா. ஏறக்குறைய இருபது ஹெச்பி. அதையே பாத்துட்டு உக்காந்திருந்தா. நான் ஜன்னல்ல இருந்து கையைக் காலை ஆட்டிப் பாத்தேன், குடுத்துத் தொலைடின்னு. அவ நிமிந்தே பாக்கலை. பேனாவை எடுத்து 14,700ஐ குறுக்கால ஒரே கோடா அடிச்சா. கீழ 305 மீட்டர்னு எழுதி, மறுபடியும் போட்டு, 4,484 வாட்னு முடிச்சுக் குடுத்தா. ஆறு ஹெச்பி.

“பாழாப்போனவளே,” அப்படின்னுட்டேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

மிஸ் அந்தக் கோட்டையே பாத்தாங்க. “சரியாத்தானே இருந்துச்சு? எதுக்கு அடிச்சே?”

“நிமிசத்துக்குத் தொண்ணூறு லிட்டருக்கு இருபது ஹெச்பி மோட்டாருங்களா மிஸ்? கடையில போய்க் கேட்டா சிரிப்பாங்க.”

“மீட்டர்னு வெச்சாத்தான் நான் நம்புவேன்னு தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.” கயல் பேனாவை மூடி வெச்சா. “ஆனா ஆயிரம் மீட்டர்ல இங்க யாருங்க தோப்புக்குப் போர் போடறாங்க? ஆயிரம் அடின்னா கௌதமன் தோப்புலயே இருக்குதுங்க மிஸ். அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சேன். தேஜா பேப்பரைப் பாக்கலைங்க.” கண்ணுத் தண்ணி மேசை மேல சொட்டுச்சு.

மிஸ் சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. பழைய பேப்பரை எடுத்துப் புதுசுக்குப் பக்கத்துல வெச்சாங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி கோடு. அதுல ஒண்ணு அவங்க கண்ணு முன்னால விழுந்தது, பாத்து எழுத முன்னால யாருமே இல்லாம. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த முட்டையை அடிச்சாங்க.

“யூனிட்டை நாந்தான் உட்டுட்டேன்,” அப்படின்னாங்க மெதுவா. “அழுவாதே அம்மணி. கேம்ப்புக்கு நீதான் போறே. அடின்னு போட்ட மூணு பேருக்கும் அஞ்சு மார்க் உண்டு.”

இத்தோட நான் சும்மா இருந்திருக்கோணும். சொன்னனே, வாய் நிக்காது. “அப்ப அந்தக் கேள்விக்கு அரை மார்க் குறைக்கோணுமுங்க மிஸ்!” அப்படின்னு ஜன்னல் வழியா கத்திப்போட்டேன்.

திரும்பிப் பாத்தா கௌதமன் ஆளையே காணோம். மிஸ் என்னை முறைச்சாங்க. அப்புறம் மேசையில கிடந்த கேள்வித்தாளை இழுத்து, அந்தக் கேள்விக்கு நேரா சிவப்புல மைனஸ் அரைன்னு எழுதி, எங்களுக்கு எப்படி வட்டம் போடுவாங்களோ அதே மாதிரி வட்டமும் போட்டாங்க. “போய்ச் சோறு தின்னுங்க, போங்க.”

கயல் வெளிய வந்ததும் அவளைக் கட்டிப் புடிச்சேன், முதுகுல ரெண்டு வெச்சேன். “ஏன்டி, அத்தனை சொல்லியும் அடிச்சுப்போட்டியே? சீட்டு போயிருந்தா என்னடி பண்ணியிருப்பே?”

“உட்டுரலாம்னுதாண்டி நினைச்சேன்,” அப்படின்னா மூக்கைத் தொடச்சுட்டு. “கை நிக்கலை.”