ஒயர் வாயில் சந்தனம்

காலை ஒன்பதரைக்குச் சாருலதா உள்ளறையிலிருந்து, "அப்பா, நெட் வரலப்பா" என்றபோது பீமாராவ் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்தார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும் போலிருந்தது.

பத்து மணிக்கு அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலைக்கான கடைசிச் சுற்று. பத்தேகாலுக்குள் உள்ளே நுழையாவிட்டால் போச்சு, அடுத்த வருஷம்தான். ஒயரில் நெட் வருகிற கம்ப்யூட்டர் வேண்டும், அறைக்குள் செல்போன் கூடாது, கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு விஜயதசமி என்பதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

முந்தின நாள் நடந்தது இதுதான். பீமாராவ் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தால் மட்டும் போதாது. எந்தப் பொருளுக்கு எது வாயோ அங்கேயும் ஒரு துளி சந்தனம் வைக்க வேண்டும். ஸ்பேனருக்குக்கூட வாய் பார்த்துத்தான் வைப்பார்கள். வாயில் சந்தனம் இல்லாத மிஷின் வருஷம் பூராவும் வம்பு பண்ணும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம்.

சாருலதா மானிட்டர் மேல் தானே ஒரு பொட்டு வைத்து, ஒரு செவ்வந்தியையும் செருகிவிட்டு, "அம்புட்டுத்தேன். வேற எதையும் தொடாதீங்கப்பா" என்று சொல்லித் தோழி வீட்டுக்குப் போனாள். மனைவி ஸ்யாமளாவும் பேரையூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. மறுநாள் பரீட்சை எழுதப்போகிற கம்ப்யூட்டருக்கு வாய் வெறுமனே இருப்பதா? மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியின் பின்பக்கம் தடவினார். நெட் போகிற இடம்தானே வாய்! ஒயரைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் மோதிர விரலால் தாராளமாகவே சந்தனத்தை வைத்து, ஒயரைத் திரும்பச் செருகினார். 'டிக்'கென்று சத்தம் கேட்டது. திருப்தியாக எழுந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்பதால் ராத்திரி யாரும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கவுமில்லை.

இப்போது சொல்லிவிடலாம்தான். ஆனால் நாக்கு எழவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு பெங்களூரிலிருந்து அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு வந்த போனை எடுத்து, "எங்க பொண்ணு வெளியூருக்கெல்லாம் வராதுங்க" என்று சொல்லி வைத்த மனுஷன் இவர். விஷயம் தெரிந்தபின் நாலு மாசம் அவள் இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் நாலு மாசம். அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. இனி உன் விஷயத்தில் தலையிடவே மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் அவளைப் பேச வைத்தார்.

பூஜை லீவில் நெட் ஆபீஸில் ஜூடு ஒருவர்தான் இருந்தார். பல வருஷமாக இந்தத் தெருவுக்கு நெட் கொடுக்கிறவர். சாருலதா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நெட் பெட்டியில பச்சை லைட் எரியுதா தங்கச்சி?"

"எரியுதுண்ணே. போன்ல வைஃபை வருது. சிஸ்டத்துக்குப் போற ஒயருக்கு மட்டும் லைட்டே இல்ல."

"ஒயரைக் கழட்டி மாட்டுங்க."

அவள் மேஜைக்கு அடியில் கையை விட்டு, பார்க்காமலே கழற்றி மாட்டினாள். லைட் வரவில்லை. நெட் பெட்டியில் வேறு ஓட்டைக்கு மாற்றிப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை. மணி ஒன்பது நாற்பத்தைந்து. அவள் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பீமாராவ் வாசற்படியில் நின்றபடி பார்த்தார்.

"ஒயர் போயிருக்கும். வேற ஒயர் கிடைக்குமா?" என்றார் ஜூடு.

"அப்பா, ஆன்மேரி டீச்சர் வீட்ல இருக்கும். ஓடுங்கப்பா!"

அவர் ஓடினார். செருப்புப் போடக்கூட இல்லை. பசுமலைச் சரிவில் அந்த வீடு நாலு வீடு தள்ளித்தான் என்றாலும் மூச்சு முட்டியது. ஒயர்தான் கெட்டிருக்க வேண்டும், ஒயராகவே இருக்கட்டும் என்று போகும்போதும் வரும்போதும் மீனாட்சியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒயராக இருந்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசையில்தான் மனுஷன் அவ்வளவு வேகமாக ஓடினார்.

அவர் கொண்டுவந்த ஒயரையும் அவள் தடவியே மாட்டினாள். லைட் வரவில்லை. மணி பத்து ஆகிவிட்டிருந்தது.

"அப்ப உங்க சிஸ்டத்துல ஒயர் சொருகுற எடத்துலதான் கோளாறு. யாராச்சும் அதுல கையை வச்சீங்களா?"

"இல்லண்ணே. வீட்ல நானும் அப்பாவுந்தேன். அப்பா என் சிஸ்டத்தைத் தொடவே மாட்டாரு." அவள் குரல் உடைந்தது. "சத்தியம் பண்ணியிருக்காரு."

பீமாராவ் மேஜைப் பக்கம் வந்தார். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நாந்தேன் சாரு" என்றார். "நேத்து ஒயரைக் கழட்டி, அதுக்குள்ள சந்தனம் வச்சேன்."

போனில் ஜூடுதான் முதலில் சுதாரித்தார். "சிஸ்டத்தை ஆஃப் பண்ணி, பிளக்கைப் புடுங்குங்க. பழைய டூத் பிரஷ் எடுங்க. தண்ணி படக்கூடாது. உள்ள இருக்க கம்பி வளைஞ்சிரக்கூடாது, பதமாத் தேய்க்கணும்."

பீமாராவ் தரையில் படுத்துவிட்டார். அவள் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஓட்டைக்குள் காய்ந்த சந்தனம் மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தது. முடி கனத்துக்குக் கடைசல் பிடித்த கையில் இப்போது ஒரு பழைய டூத் பிரஷ். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். மஞ்சள் பொடி அவர் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. துடைக்கவில்லை. எட்டுக் கம்பிகளும் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

"பத்து ஏழுப்பா."

ஒயர் முனையையும் துடைத்துச் செருகினார். அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது எழுந்து வருவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்து பதினொன்றுக்கு ஓட்டையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று பளிச்சென்று எரிந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு சாரு!"

அவள் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தாள். திரையில் பரீட்சைப் பக்கம் திறந்துகொண்டிருந்தது. போனை அணைத்து அவர் கையில் கொடுத்தவள், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒன்பதரைக்கு நான் கூப்பிட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நேரமில்லை. தலையை ஆட்டினார்.

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வெளியே வந்ததும் கதவு மூடிற்று. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கதவைப் பூட்ட வேண்டும் என்பது பரீட்சை விதிதான், அவளே படித்துக் காட்டியிருந்தாள். ஆனாலும் பீமாராவ் அந்தக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். பரீட்சை மூன்று மணி நேரம். கதவு எப்படியும் திறந்துவிடும். அவள் பேசுவாளா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.