தபால்தலை அளவில் ஒரு முகம்

கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டதும் என் கைகளைத்தான் பார்த்தார்.

"படத்தக் கொண்டாந்தீங்களா?"

பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஆலையில் கொதிகலன் வெடித்த மறுநாள் காலை, இதே வாசலில் நின்று நான் கேட்டு வாங்கிப்போன படம். இறந்தவர்கள் ஏழு பேர். ஏழு வீடுகளிலும் ஏறி இறங்கிப் படம் வாங்கி வருவது, பேப்பர் நிருபனாக அன்று என் வேலை. ஆளுக்கொரு பெயர், வயது, படம், ஒரு வரி அழுகை. இவரிடம் கணவரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார். "நாளைக்கே கொண்டாந்து தர்றேன்க்கா" என்றேன். மறுநாள் என்னை வேறொரு செய்திக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உங்க 'நாளைக்கு' ரொம்பத்தான் நீளம் தம்பி" என்றார். "உள்ள வாங்க."

முக்காலியில் கிடந்த பள்ளிச் சீருடைகளைத் தையல் மெஷின்மேல் நகர்த்தி இடம் கொடுத்தார். பேப்பர் வேலையை விட்டுவிட்டேன், அந்த ஏழு பேரைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறு. அலுவலகம் இடம் மாறியபோது பழைய படங்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் தேடியும், தபால்தலை அளவில் அவர் முகம் அச்சான அன்றைய பேப்பர்தான் கிடைத்தது. சொல்லிவிட்டு, அதை எடுத்து நீட்டினேன்.

"இது எங்ககிட்டயும் இருக்கு" என்றாள் மகள். அன்று கைக்குழந்தை, இப்போது பன்னிரண்டு வயது. "கிட்டப் போய்ப் பாத்தா அப்பா புள்ளி புள்ளியா ஆயிடுறாரு."

அம்மா தைத்துக்கொண்டிருந்த சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்பா எப்படி இருப்பாருன்னு இவ கேக்கும்போதெல்லாம், படம் வந்துரும், காட்டுறேன்னே சொல்லிட்டிருந்தேன். இப்ப எனக்கே கொஞ்சம் கொஞ்சமா மறக்குது தம்பி."

மன்னிப்புக் கேட்டேன். அந்த அறையில் அது மிகச் சின்னதாக ஒலித்தது. புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா வெடிச்சதுல ஆரம்பிக்காதீங்க. மூஞ்சில ஆரம்பிங்க."

நோட்டைத் திறந்தேன். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்று வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகியவனுக்கு, ஒரு முகத்தைப் பற்றி எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"நெத்தியிலேர்ந்து போலாமாக்கா?"

"ஏன், அதென்ன ரோடா?" சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல், மடியில் எதையோ வரைந்து பார்த்தது. மகளை அருகில் இழுத்தார்.

"காது இவளுது மாதிரிதான். இல்லல்ல, இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கும்." மகளின் காதை ஒரு விரலால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார். "ஆங், இப்படி."

"யானை மாதிரியாம்மா?"

"வாய மூடுடி. எனக்குப் புடிச்சதே அதான்."

எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அவர் கையை எடுத்துவிட்டு, கண்மூடியபடியே புருவத்துக்குப் போயிருந்தார். மகள், அம்மாவின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து, காதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.