அப்பா வாய் திறக்கவில்லை

எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடும். அப்பா மட்டும் வாய் திறக்க மாட்டார். அவர் இறந்த பிறகு அவருடைய குரல் எனக்குள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அடியோடு மறந்துபோவதற்குள் ஒரு பக்கத்திலாவது அவரைப் பேச வைத்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன். அதற்காகவே தினமும் காலையில் எங்கள் கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் எழுதியதை அக்காவிடம் காட்டினேன். அவள் பக்கத்துக் கடையில் திரைச்சீலை தைப்பவள்.

"'கவலை கொள்ளாதே மகளே, அனைத்தும் நலமாகும்.' யாருடி இது?"

"அப்பா."

"நம்ம அப்பாவா? பஸ் ஓட்டினாரே, அவரா? ராஜா வேஷம் கட்டின மாதிரில்ல பேசுறாரு!"

எனக்கு வந்ததே கோபம்! தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும்? துணியை வெட்டத் தெரியும், கூடவே மனுஷர் மனசையும். ஆனால் மத்தியானம் திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அப்பா எங்களை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. பெரியவளே, சின்னவளே என்பார், அவ்வளவுதான். பேனாவைத் தொட்டாலே நான் மேடை ஏறிவிடுகிறேன்.

அப்பாவைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டேன். கடைக்கு வருபவர்கள் பேசுவதை மறுநாள் காலையில் அப்படியே எழுதிப் பழகினேன். "எழுத்து தெரியுதும்மா, என்ன எழுத்துன்னுதான் தெரியல" என்றார் ஒரு பெரியவர். அதை எழுதும்போதே கை, 'தெரிகிறது' என்று திருத்தப் பார்க்கும். சும்மா இருக்கியா என்று கையைத் திட்டுவேன். சில நாள் ஒரு வரிகூட உருப்படாது. மறுநாளும் போய் அதே நாற்காலியில் உட்காருவேன். மழைக்காலம் வந்துபோய், வெயிலும் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு காலையில் அப்பா தானாகவே தாளுக்குள் வந்தார். வாசலில் குனிந்து, முனை பிய்ந்த ஷூவை மாட்டிக்கொள்கிறார். புதுசு வாங்கித் தரேன்பா என்கிறாள் அக்கா.

"இருக்கட்டும் பெரியவளே. இன்னும் நல்லாத்தானே இருக்கு."

எதற்கெடுத்தாலும் அவருக்கு இருக்கட்டும்தான். நெஞ்சு வலித்தபோதும் அதையே சொன்னார். டாக்டரிடம் போகலாம் என்று அக்கா எவ்வளவோ கெஞ்சினாள், கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் அவர் போன அன்றுகூட அவள் அழவில்லை.

தாளை அவளிடம் நீட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள்.

"என்னத்த நல்லா இருக்கு? விரலு வெளிய எட்டிப் பாக்குது! சொன்னா கேக்கவே மாட்டீங்களாப்பா?" என்று தாளைப் பார்த்துக் கத்தினாள்.

யாரைத் திட்டினாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் உறைத்தது. தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு, டாக்டர்கிட்ட போலாம் வாங்கன்னு நான் கூப்பிடுற மாதிரி எழுது" என்றாள்.

"வரமாட்டாருக்கா. இருக்கட்டும்னுதான் சொல்வாரு."

"தெரியும். நீ எழுது, நான் திட்டிக்கிறேன்."