பிரேக் போட்டால் பாடும் பெட்டி

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இது நான் யோசித்த கதை இல்லை. என் காரின் ஹாரன் செத்துப்போய், அதை மாற்றத் திண்டிவனத்தில் சக்கரபாணியின் கார் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பாட்டின் அதிர்வைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன ஊஃபர் பெட்டியையும், அதை ஓட்டும் ஆம்பையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"வெளிய சத்தமே கேக்க வேணாம் தம்பி. சீட்டு அதிரணும். பக்கத்து சீட்டு மட்டும் அதிர்ந்தா போதும்."

"இன்னா சார் நீங்க, ஊஃபர் வாங்குறவன்லாம் தெருவே அதிரணும்னு கேக்குறான்" என்று சக்கரபாணி சிரித்தான்.

"எங்க வூட்டம்மாவுக்குக் காது கேக்காதுப்பா."

சக்கரபாணி சிரிப்பை நிறுத்திவிட்டு, "செவ்வாக்கெழம வண்டிய எடுத்துக்கினு வாங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றான். அதுவரை பொறுக்க அவரால் ஆகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பிறகு சக்கரபாணி சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது, அதை நாலாவது பகுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மீதியெல்லாம் என் புளுகு.

2

மூன்று தடவை தொடங்கினேன்.

"விழுப்புரம் நெடுஞ்சாலையில் அந்திச் சூரியன் மெல்ல" — மெல்ல என்ன? சூரியனுக்கும் ஊஃபருக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

"காதல் என்பது ஓர் அதிர்வு" — சீ, கருமம்.

"சவுரிராயன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்" — இது பரவாயில்லை, அந்தப் பெரியவருக்கு நான் வைத்த பேர் சவுரிராயன். இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

சவுரிராயன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ரோடு இரண்டு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் புளியமரம். அவருடையது தனியார் பஸ், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நாள் முழுக்க ஓடும், ஓடும் நேரமெல்லாம் பாடும். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அதற்குப் 'பொட்டி சீட்டு' என்றே பேர். அதிர்வு தாங்காமல் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். கூட்டேரிப்பட்டில் ஏறி, விழுப்புரத்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன ரோஜா மட்டும் ஓடிவந்து அதில்தான் உட்காருவாள். உட்கார்ந்ததும் கம்பியில் தட்டி, "டிரைவரே, அந்தப் பாட்டு" என்பாள்.

எந்தப் பாட்டு? சொல்ல மாட்டேன்.*

அவளுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னால் மூன்று வருஷம், பின்னால் ஐந்து வருஷம், அதே சீட்டு, அதே பாட்டு, அதே 'டிரைவரே'. வீட்டில் கோபம் வந்தாலும் அதுதான், கொஞ்சல் வந்தாலும் அதுதான். காது போன இந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. பதில் காதில் விழாதபோது எதற்குக் கூப்பிடுவது என்று விட்டிருப்பாள். காரில் போனால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். சவுரிராயனுக்கு அந்த ஒரு சொல் திரும்ப வேண்டும். கதையே அதற்காகத்தான்.

[அவருக்கு 'அர்' போட்டுவிட்டு அவளுக்கு 'அள்' போட்டிருக்கிறேன். ரோஜா படித்தால் திட்டுவாள். திட்டட்டும், அவள் வாயைத் திறந்தால் போதும்.]

* சொன்னால் அது உங்களுக்குப் பிடிக்காத பாட்டாக இருந்து தொலைக்கும். உங்கள் பாட்டு ஒன்றை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்பேன்.

3

இந்த இடத்தில் எனக்குச் சவுரிராயன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், முதுகு வலியோடு, வேலை மெனக்கெட்டு சீட்டுக்கு அடியில் வயர் இழுக்கும் அளவுக்கு ஒரு புருஷன் நல்லவனா? எங்கேயோ உறுத்தல் இருக்க வேண்டும்.

இருந்தது. காது டாக்டர், "வயசானா சிலருக்கு இப்பிடி ஆவுறதுதாங்க" என்றார். சவுரிராயன் நம்பவில்லை. எட்டு வருஷம் பொட்டி சீட்டில் உட்காரவைத்து, பாட்டைப் போட்டுப் போட்டு, அந்தக் காதைத் தானேதான் தின்றுவிட்டதாக அவர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். [இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். மூன்றாவது தடவை கை வரவில்லை.]

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பழைய ஆல்ட்டோவுக்குள் நுழைந்தார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு சிவப்பு வயர். சீட்டு போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த இடத்தில் எர்த்து. பாட்டு செட்டிலிருந்து ஆம்புக்கு ஒரு வயர். ஆம்பிலிருந்து ஊஃபருக்கு ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ். பெட்டியைப் பக்கத்து சீட்டின் அடிச்சட்டத்தோடு சேர்த்து முறுக்கினார்.

பாக்கி ஒரு ஒல்லி வயர். 'முழிச்சிக்கோ' என்று ஆம்புக்குச் சொல்வது அந்த வயர்தான், அதில் கரண்ட் வந்தால்தான் ஆம்ப் வேலை செய்யும். அதற்குத் தனியாக ஒரு லைன் வேண்டும், முன்பக்கம் போய்த் தேட வேண்டும். முதுகு ஒத்துழைக்கவில்லை. சீட்டு ஓரத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில், பின்விளக்குகளுக்குப் போகும் வயர்க் கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பார்க் லைட் வயர் என்று நினைத்து ஒன்றில் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பார்க் லைட்டைப் போட்டார். பாட்டைப் போட்டார். பக்கத்து சீட்டில் உள்ளங்கையை வைத்தார். சீட்டு அதிர்ந்தது.

"ஏசுவே" என்றார்.

4

வியாழக்கிழமை விழுப்புரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ரோடு காலியானதும், சவுரிராயன் பார்க் லைட்டைப் போட்டு, பாட்டை அமுக்கினார்.

கதவில் இருந்த ஸ்பீக்கரில் பாட்டு ஒல்லியாக வந்தது. சீட்டு செத்துக் கிடந்தது.

புருவத்தைத் தூக்கி, 'எப்பிடி?' என்று கேட்டார்.

"இன்னா?" என்றாள் ரோஜா.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். சத்தத்தைக் கூட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். "பேஜாரு புடிச்ச பொட்டி" என்று திட்டினார். அழுகை வந்தது அவருக்கு. எனக்கும்தான், எழுதுகிறவன் அழக் கூடாதென்று எவனாவது சட்டம் போட்டிருக்கிறானா?

கூட்டேரிப்பட்டில் சர்வீஸ் ரோட்டில் இறங்கினார்கள். முன்னால் போன மினி பஸ் திடீரென்று நின்றது. சவுரிராயன் பிரேக்கை மிதித்தார்.

ரோஜா துள்ளினாள். "இன்னாய்யா, கீழ எதுனா உருளுதா?"

காலை எடுத்தார், நின்றுபோனது. மிதித்தார், அதிர்ந்தது.

எடுத்து வைத்திருந்த விஷயம் இதுதான். அவர் முறுக்கியது பிரேக் லைட் வயர். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பாடியது? முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கால் அது. நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்துக்கொள்ளும்.

வண்டியை ஓரம் கட்டி, பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். ரோஜா கைப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் ஊன்றினாள்.

"பொட்டி சீட்டு!"

தன் சத்தம் தனக்குத் தெரியாததால் கத்தியேவிட்டாள். டீக்கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சவுரிராயன் அவள் காதைத் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். என்னாலதான், என்று. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடப்பாவி, இத்தினி நாளா இதையா நெனச்சிக்கினு இருந்தே? போய்யா! நாந்தானே ஓடியாந்து ஓடியாந்து உக்காந்தேன்" என்று அவர் தோளில் ஒன்று போட்டாள். அழுதுகொண்டிருந்த மனுஷனின் கால் நழுவிப் பாட்டு நின்றது.

"டிரைவரே" என்றாள் ரோஜா. "இன்னொரு தபா போடு. அந்தப் பாட்டுதானே?"

அதிர்வுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு பாடவும் தொடங்கினாள். அவள் பாடியது வேறு பாட்டு.

சவுரிராயன், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

5

"அஞ்சு நிமிஷ வேலை சார், வயர மாத்திட்றேன்" என்று சக்கரபாணி பின்னால் கேட்டபோது, "அப்பறம் பாத்துக்கலாம்பா" என்றாராம். வயர் விஷயத்தில் பிரச்சினை இல்லை. பாட்டு விஷயம்தான் எனக்கு ஓடவில்லை.

முடிவு ஒன்று: அவள் பாடிய பாட்டை அன்றைக்கே பென் டிரைவில் ஏற்றிவிடுகிறார். இரண்டு: பழைய பாட்டே இருக்கிறது, அவள் பாட்டுக்கு அவள் பாடுகிறாள். முதலாவதை எழுதினால் அவர் தன் எட்டு வருஷத்தை அழிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதை எழுதினால் தினமும் அவளை ஏமாற்றுகிற மாதிரி — வேண்டாம், என்னால் ஆகாது.

இரண்டாவது பகுதியில் ஒரு பாட்டை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, பென் டிரைவில் இருப்பது அதுதான். ரோஜா பாடுவது அது இல்லை. மாற்றுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் ஜல்தியாகச் சொல்லுங்கள், பாட்டுக்காகப் பிரேக்கை மிதித்தபடி அவர்கள் வண்டி வழியை மறித்து நிற்கிறது, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்கிறான். அது சவுரிராயனுக்கு மட்டும்தான் கேட்கிறது.

"டிரைவரே, கால எடுக்காதே" என்கிறாள் ரோஜா.